சலவைக் கடையில் கேப்டன்

ஊர் எதிரி கைக்குப் போன மறுநாள் காலை, தோற்ற படையின் கேப்டன் சலவைக் கடையில் நீளக் கவுனும் தலைத்துணியுமாக நின்று இஸ்திரிப் பெட்டியால் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரிக்கு அவர் உறவும் இல்லை, பழக்கமும் இல்லை. பின்வாசலில் வந்து நின்றவரின் முகத்தைப் பார்த்தாள். உள்ளே விட்டாள், அவ்வளவுதான். ஒளித்துவைப்பவர்களையும் சேர்த்துச் சுடுவோம் என்று எதிரிகள் தெருத்தெருவாக ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போயிருந்தார்கள்.

“நூறு பேருக்கு உத்தரவு போட்ட கை இதும்மா,” என்று முனகினார் கேப்டன்.

“இன்னைக்குக் காலரத் தேய்க்கட்டும். மீசை இருந்த எடத்தத் தடவிக்கிட்டே இருக்காதீங்க.”

வாசலில் ஜீப் நின்றது. எதிரி மேஜர் உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

மேஜரின் தோளில் இருந்த நட்சத்திரங்களைக் கண்டதுதான் வினை. கேப்டனின் குதிகால்கள் ஒட்டிக்கொண்டன, முதுகு விறைத்தது, வலது கை தானாக நெற்றிக்குப் போனது. வருஷக்கணக்கான பழக்கம் யாரைக் கேட்டுக்கொண்டு வரும்?

“அக்காவுக்கு ஒத்தத் தலைவலிங்க,” என்றாள் கடைக்காரி சட்டென்று. “வந்துட்டா இப்படித்தான், நெத்தியப் புடிச்சுக்கிட்டு நிப்பா.”

மேஜர் குனிந்து பார்த்தார். கவுனின் விளிம்புக்குக் கீழே ராணுவ பூட்ஸ் தெரிந்தது. அதை மாற்ற வேண்டும் என்று கேப்டனுக்கும் தோன்றியிருக்கவில்லை, கடைக்காரிக்கும் தோன்றியிருக்கவில்லை. மேஜரின் பார்வை அங்கேயே நின்றது. இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் சட்டை கருகத் தொடங்கியது.

“இந்த ஊர் கேப்டன் தன் ஆளுங்கள விட்டுட்டு ஓடிட்டானாம். கோழைப்பய. நீங்க என்னம்மா சொல்றீங்க?” என்று மேஜர் ‘அக்கா’வைக் கேட்டார்.

கேப்டனின் தாடை இறுகியது. நான்தான் அவன் என்று சொல்லி நெஞ்சை நிமிர்த்திச் செத்துப்போகலாம், பேராவது மிஞ்சும். ஆண்டவன்தான் அவர் கண்ணைப் பக்கத்தில் திருப்பியிருக்க வேண்டும். கடைக்காரி வாசலில் இருந்த துப்பாக்கிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமாங்க,” என்றார் கீச்சுக் குரலில். “கோழதாங்க. வெக்கங்கெட்டவன்.”

மேஜர் இஸ்திரிப் பெட்டியைத் தாமே எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

“இங்க பொம்பளைங்கதான் இருக்காங்க. வண்டிய எடுங்க,” என்றார் வாசலைப் பார்த்து. பிறகு கடைக்காரியிடம் குரலைத் தாழ்த்தினார். “அக்காவுக்கு ஒரு செருப்பு வாங்கிக் குடுங்க.”

ஜீப் போன பிறகு கேப்டன் மேசைமேல் கவிழ்ந்து விசும்பினார்.

“நான் சொன்னது பொய்யில்லம்மா. நிஜமாவே விட்டுட்டுத்தான் ஓடி வந்தேன்.”

“தெரியும். நேத்து ஓடி வந்தவர்மேல எனக்குக் கோவந்தான். இப்ப எனக்காகத் தலையக் குனிஞ்சீங்களே, அவர்மேல இல்ல.” அவள் கருகிய சட்டையை உருவினாள். “அழுறதா இருந்தா கொஞ்சம் தள்ளி நின்னு அழுங்க. இதெல்லாம் காஞ்ச துணி.”