இரண்டாவது பிள்ளை

எல்லாம் ஒரு வார்த்தையால் வந்த வினை. நஞ்சுக்கொடிக்கு அந்த ஊரில் மரியாதையான பெயர் 'இரண்டாவது பிள்ளை'. முதல் பிள்ளையை வீட்டுக்குள் படுக்க வைப்பார்கள். இரண்டாவதை வாழைக்கடியில் படுக்க வைப்பார்கள். கொரியாவிலிருந்து வந்த டாக்டர் சோய்க்கு அந்தப் பெயரை மட்டும் யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள்; படுக்க வைப்பதைச் சொல்லவில்லை. மிஷன் ஆஸ்பத்திரிக்குப் புது எரிசூளை வந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பிரசங்க மேடையில் ஏறி, மனப்பாடம் செய்த ஊர்மொழி லுகாண்டாவில், "இனிமேல் கவலை வேண்டாம். இரண்டாவது பிள்ளையை நாங்களே சுத்தமாக எரித்துவிடுவோம்" என்றார். சிரித்துக்கொண்டே வேறு சொன்னார்.

அன்றிலிருந்து பிரசவ அறைக் கட்டில்கள் காலி. சூளையில் வெறும் பஞ்சு எரிந்தாலும், புகையைக் கண்ட கர்ப்பிணிகள் சாலையின் மறுபக்கம் ஒதுங்கிப் போனார்கள். மருத்துவச்சி எசேரி அதே ஊர்க்காரிதான். ஆனாலும் சந்தையில் அவள் வந்து நின்றால் பேச்சு நின்றுவிடும். டாக்டரிடம் சொல்லிப் பார்த்தாள். சுகாதார விதி என்றால் விதிதான் என்றுவிட்டார்.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு மத்தியானம் யூனியாவை மோட்டார் சைக்கிளில் நடுவே உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். பின்னால் தாங்கிப் பிடித்திருந்தவள் நாத்தனார் நாலுபேகா. பிள்ளை காலையில் வீட்டிலேயே பிறந்துவிட்டது, நஞ்சு விழவில்லை. துணியெல்லாம் ரத்தம். பிள்ளையை இங்கே கொண்டுவரக்கூடாது என்று வேண்டுமென்றே பக்கத்து வீட்டில் விட்டு வந்திருந்தாள் நாலுபேகா. டாக்டரோ வெளியூர் முகாமில்.

"கையை விட்டு எடுக்கணும் அக்கா. இப்பவே."

"எடுத்து?" நாலுபேகா கதவை மறித்தாள்.

"எடுத்து உங்க கையிலயே குடுத்துடறேன்."

"குடுப்பே, குடுப்பே. ஆட்டுக் குடலை இலையில சுத்திக் குடுத்தா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? அடுப்பு எரியுதுன்னு பேரு. கப்பல்ல ஏத்தி அனுப்புறீங்களாமே, மருந்து காய்ச்ச?"

"யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது. நீ மட்டும்தான் சொல்லல."

யூனியாவின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. வாதாட நேரமில்லை.

"அப்ப நீங்களும் உள்ள வாங்க. என் கையைப் பாத்துக்கிட்டே நில்லுங்க."

"முதல்ல பையைக் காட்டு."

எசேரி வெள்ளை அங்கியின் இரண்டு பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினாள். ஒரு கைக்குட்டை, ஒரு பேனா. நாலுபேகா பேனாவையும் திருப்பிப் பார்த்தாள்.

ஊசி போட்டு, கையுறை மாட்டி, எசேரி வேலையைத் தொடங்கினாள். யூனியா முனகினாள். நாலுபேகாவின் பார்வை எசேரியின் மணிக்கட்டை விட்டு அசையவில்லை. நஞ்சு வந்தது. வழக்கமாக அதைத் தட்டில் விரித்து, முழுசாக இருக்கிறதா என்று பார்ப்பாள். அந்த நேரம் பார்த்து வாசலில் ஜீப் வந்து நின்றது. டாக்டர்! பார்த்தால் சூளைக்குப் போகும் வாளியில் போடச் சொல்வார். அவசரமாக நாலுபேகா கொண்டுவந்திருந்த வாழையிலையில் வைத்து நீட்டினாள்.

"சீக்கிரம் கட்டிக்குங்க அக்கா."

அதுதான் தப்பாய்ப் போயிற்று.

"ஏன் அவசரப்படுத்துறே?" நாலுபேகா அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். இலையைப் பிரித்து, ஓட்டைத் துணியை ஆராய்வதுபோல் விரல் விட்டு விரித்தாள். "இங்க ஒரு துண்டு இல்ல. எங்க வச்சே?"

"நான் எடுக்கலக்கா."

"திருடி! கண்ணு முன்னாலயே திருடுறியே!"

எசேரி குனிந்து பார்த்தாள். உண்மைதான். ஓரத்தில் ஒரு கொய்யாப்பழம் அளவுக்குப் பிய்ந்து போயிருந்தது. இலையில் இல்லை. தட்டில் இல்லை. கட்டிலைப் பார்த்தாள். விரிப்பின் ஓரத்திலிருந்து ரத்தம் மறுபடி சொட்டிக்கொண்டிருந்தது.

"உள்ளயே இருக்கு," என்றாள்.

டாக்டர் உள்ளே வந்து ஒரு கேள்வியும் கேட்காமல் நரம்பு தேடி சலைன் ஏற்றினார். எசேரி மறுபடி கையை விட்டாள். துண்டு வந்தது. யாரும் கேட்குமுன் நாலுபேகாவிடம் நீட்டினாள். நாலுபேகா அதைப் பிய்ந்த இடத்தில் வைத்துப் பொருத்திப் பார்த்தாள். பொருந்தியது. திருப்பி வைத்து இன்னொரு தடவை பார்த்தாள். கட்டிலில் சொட்டுவது மெல்ல நின்றது.

"அது வாளிக்கு," என்றார் டாக்டர், இலையைக் காட்டி.

"டாக்டர், நான் பாக்காம விட்டதை அவங்கதான் பாத்தாங்க. இல்லேன்னா இவ போயிருப்பா."

"எடுத்துட்டுப் போய் என்ன செய்வாங்க?"

"வாழைக்கடியில படுக்க வைப்பாங்க."

"படுக்க...?" அந்த வார்த்தையை அவர் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். மேடையில் தான் சொன்னதை நினைத்திருக்க வேண்டும். காது மடல் சிவந்தது. காலால் வாளியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

நாலுபேகா இலையை மடித்துக் கட்டினாள். மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"சூளையில இன்னிக்கு என்ன எரியுது?"

"பஞ்சுதான் அக்கா."

"பஞ்சு!" என்று மூக்கைச் சுளித்தாள். இரண்டடி போனவள் திரும்பினாள். "என் தங்கச்சிக்கு அடுத்த மாசம். கூட்டிட்டு வருவேன். நானும் உள்ள நிப்பேன். பையையும் காட்டணும்."

எசேரி தலையாட்டினாள். அங்கியின் இரண்டு பைகளும் இன்னும் வெளியேதான் தொங்கிக்கொண்டிருந்தன.