உத்திராபதி இடித்த சுவர்

குன்னம் பக்கத்துக் கரிசல்மண் ஊரில், எண்பத்திரண்டாம் வருஷக் கோடையில் பால்வாடி கட்டினார் கொத்தனார் உத்திராபதி. அந்த ஊரின் முதல் சிமெண்டுக் கல் சுவர் அது. சுவர் ஏற ஏற அவருடைய நெஞ்சும் ஏறி, சட்டைப் பொத்தான் இரண்டு தெறித்துவிட்டது.

"அஸ்திவாரம் முழங்கால் ஆழம் போதுமாண்ணே?" என்று கேட்டாள் சித்தாள் செங்கமலம்.

"அரியலூர் சிமெண்டு இருக்கையில மண்ணு என்ன பண்ணிடும்? யானைய வுட்டு முட்டச் சொல்லு. யானைக்குத்தான் தலவலி வரும்."

அந்தத் தெம்பில், வார்த்த சிமெண்டுக் கல்லை ஈரம் ஆறவிடாமல் பச்சையாகவே அடுக்கினார். குடிக்கவே தண்ணீர் இல்லையென்று சுவருக்குத் தண்ணீரும் காட்டவில்லை.

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் இருக்கையில் ஒரு மழை கொட்டியது. விடிந்து பார்த்தால், மூலையிலிருந்து படிப்படியாக ஏறியிருந்தது விரிசல். காலையில் அதில் பல்லி நுழைந்தது. பத்து மணிக்கு அணில். மத்தியானம் பக்கத்து வீட்டு ராசாத்தியின் கோழி ஏழு குஞ்சுகளோடு நுழைந்து அந்தப் பக்கம் வந்தது. நம்பாதவர்கள் ராசாத்தியைக் கேட்கலாம்.

மேற்பார்வைக்கு வந்த ஓவர்சியர் கிருஷ்ணமூர்த்தி விரிசலைப் பார்த்தார். கோழியையும் பார்த்தார்.

"பூசி சுண்ணாம்பு அடிச்சுடுய்யா. அந்தக் கோழிய சைக்கிள்ல கட்டிவுடு, கையெழுத்துப் போட்டுடறேன்."

உத்திராபதியின் கை பூசும் கரணையை எடுத்தது.

"பூசுங்கண்ணே," என்றாள் செங்கமலம். "எம்மவள எந்த மூலையில ஒக்கார வைக்கலாம்னு மட்டும் சொல்லிட்டுப் பூசுங்க."

உத்திராபதி கரணையை வைத்துவிட்டுக் கடப்பாரையைத் தூக்கினார்.

"யோவ், நீ கட்டுன செவுருய்யா!"

"அதான் சார் நானே இடிக்கிறேன். சிமெண்டு மேல குத்தமில்ல. கரிசமண்ணு மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். பச்சக் கல்லும் காயக் காயச் சுருங்கும். தெரிஞ்சேதான் மெத்தனமா இருந்துட்டேன்."

விழா தள்ளிப் போனது. கரிசலுக்கு அடியில் சுக்கான்பாறை தட்டும்வரை தோண்டி, புது அஸ்திவாரம் போட்டார். கல் நன்றாக ஆறிய பிறகே அடுக்கினார். வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் சுவருக்கு வந்தது. பத்து நாள் ஊரில் ஒருவரும் குளிக்கவில்லை. அந்த ஊர்க்காரர் ஏறினால் பெரம்பலூர் பஸ்ஸில் சீட்டுக்குப் பஞ்சமில்லை.

திறப்பு விழாவில் பக்கத்து ஊர் மேஸ்திரி பெரியசாமி சீண்டினார்: "ஒரே செவுர ரெண்டு தடவ கட்டுன கொத்தனாரு நீதானாப்பா?"

"நானேதான்!" என்று உத்திராபதி கூட்டத்துக்கே கேட்கச் சொன்னார். "தப்பு யாருக்கும் வரும். அத ஒத்துக்கிட்டு இடிச்சுக் கட்டறது கௌரவம். பூசி மறைக்கறது புள்ளைங்க தலையில கல்லத் தூக்கிப் போடறது. கண்ண மூடிக் கையெழுத்துப் போடறவனுக்கும் அந்தப் பாவத்துல பங்கு உண்டு."

ஊரே கைதட்டியது. முன் வரிசையில் இருந்த ஓவர்சியரும் தட்டினார். வேறென்ன செய்வார்?