டிரைவரம்மா பேசிய பாதி

1

இந்தக் கதை என் தங்கையிடமிருந்து எனக்கு வந்தது. அவளுக்கும் இது சொந்தமில்லை. உறையவைத்த காய்கறி விற்கும் ஒரு கம்பெனியில் வாடிக்கையாளர் புகார்களைத் தொலைபேசியில் கேட்பது அவள் வேலை. நாள் முழுக்க ஊராரின் எரிச்சலைக் காதில் வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் அதில் கொஞ்சத்தை என்னிடம் இறக்கி வைப்பாள். பட்டாணியில் கல், சோளத்தில் முடி, எடையில் குறைவு. நான் சமைத்தபடியே 'ம்' கொட்டுவேன்.

ஒருநாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, இன்னைக்கு ஒரு அம்மா ஃபோன் பண்ணி, பாக்கெட்ல விஷம் இல்லைன்னு புகார் சொன்னாங்க."

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். அன்றிலிருந்து இதை எழுதுகிறேன், அடிக்கிறேன், மறுபடி எழுதுகிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"கீரை வயலில் ஊமத்தைக்கு என்ன வேலை? விதை விழுந்த இடத்தில் முளைப்பதுதான் அதற்குத் தெரியும். அறுவடை இயந்திரத்துக்கோ பச்சையாய் இருப்பதெல்லாம் ஒன்று. இலையோடு இலையாக அதுவும் வெட்டுப்பட்டு, கழுவப்பட்டு, உறைந்து"

பாடப்புத்தக வாடை அடித்தது. நிறுத்திவிட்டேன். (தகவல் என்னவோ சரிதான். அதை மறந்துவிடாதீர்கள்.)

இரண்டாவது தொடக்கம்: "கணவர் போனபிறகு அந்த வீட்டில் மௌனம் ஒரு குடித்தனக்காரரைப் போல"

இந்த மாதிரி வாக்கியம் வந்தால் எழுந்துபோய்த் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம். குடித்தேன். திரும்பி வந்து, நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

3

ஃபோன் செய்த அந்த அம்மா பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் குடியிருக்கும் கட்டடத்தில் எல்லோருக்கும் டிரைவரம்மா. கணவர் லிஃப்ட் பழுது பார்த்தவர், ஓயாத வாய்க்காரர். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்குக் கதவு இடுக்கு வழியாகவே கதை சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு, அப்புறம்தான் கதவைத் திறப்பாராம். அப்படிப்பட்டவருக்குத் தொண்டையில் புற்று வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு சில வருஷங்கள் கையசைத்தும் மேஜையைத் தட்டியும் காலம் தள்ளினார். பிறகு ஒரு காலையில் இதயம் நின்றுபோனது. வேறு ஊரில் வேலை பார்த்த ஒரே மகள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

(குரல் போன மனிதர், ஊமத்தை. இந்தச் சிலேடை வாசலில் வந்து நின்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. நான் கதவைத் திறப்பதாக இல்லை.)

ஒரு மதியம் டிரைவரம்மா ஃப்ரீசரிலிருந்து ஒரு கீரைப் பாக்கெட்டை எடுத்து சூப் வைத்துக் குடித்தார். கொஞ்ச நேரம் கழித்து, பக்கத்து வீட்டுத் தையல்காரி அவருடைய ஜன்னல் திரையை ஓரம் அடித்துக் கொண்டுவந்தாள். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பேச்சுச் சத்தம். யாருடனோ ஃபோனில் பேசுகிறார் என்று நினைத்து, திரையைச் சோபாவில் போட்டுவிட்டுத் திரும்பிப் போகப் பார்த்தாள்.

"ஃபோன் டீப்பாய் மேல கிடந்துச்சு" என்று தையல்காரி பிறகு எல்லோரிடமும் சொன்னாள். "இவங்க மேஜைக்கு இந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு, எதிர்ல இருந்த காலி நாற்காலியைப் பாத்துப் பேசிட்டிருந்தாங்க. முகம் ரத்தச் சிவப்பு. உதடு காஞ்சு வெடிச்சிருக்கு. கண்ணு முழுக்கக் கறுப்பு, வேற நிறமே இல்ல. மேஜைவிரிப்புல இல்லாத எதையோ பொறுக்கிட்டே இருந்தாங்க. நான் கிட்டப் போனா, 'நகரு, அவர் மேல இடிக்காதே'ங்கறாங்க."

ஆம்புலன்ஸ் வரும்வரை தையல்காரி அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்போது காதில் விழுந்தவை இவை. அந்தப் பேச்சின் ஒரு பாதிதான். மறு பாதி நாற்காலியின் பக்கம் இருந்தது.

"அதெல்லாம் கொடுத்தாச்சு."

"இல்லயே, மாடிப்படி விளக்கு மட்டும்தான் எரியல."

"ஐயோ, போதும், சிரிக்க வைக்காதீங்க."

கடைசியாக, ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது, தலையைத் திருப்பி நாற்காலியைப் பார்த்து:

"சரி சரி. அவகிட்ட சொல்லிடறேன். நீங்க கவலைப்படாதீங்க."

4

கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்த இடம் இது. இப்படியும் ஒருவர் பிழைத்தெழுவாரா, எழுந்ததும் இப்படிப் பேசுவாரா என்று தங்கையைத் துருவினேன். "நான் என்ன கதையா விடறேன்? அது உன் வேலை" என்றாள்.

பிழைத்தார். நினைவு தெளிந்ததும், மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி அவர் முதலில் சொன்னது: "அவருக்குக் குரல் வந்துடுச்சு."

மகள் வந்திருந்தாள். தாடையில் கைவைத்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தையல்காரி தான் கேட்டதை அவளிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

"அப்பா என்னம்மா சொன்னார்?"

"பழைய குரல். ஆபரேஷனுக்கு முன்னாடி இருந்ததே, அது."

"சரிம்மா. என்ன சொன்னார்? 'அவகிட்ட சொல்லிடறேன்'னு சொன்னியாமே. அவன்னா யாரு? நான்தானே?"

டிரைவரம்மா கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் தேடினார். ஊமத்தையின் குணம் அது. காட்டுவதைக் காட்டிவிட்டு, பார்த்தவரின் நினைவிலிருந்து பெரும்பகுதியைத் துடைத்துவிட்டுப் போய்விடும். கணவர் பேசினார் என்பது மட்டும் மிஞ்சியிருந்தது, பேசிய சொல் ஒன்றுகூட இல்லை.

மருத்துவர் நல்ல மாதிரி. கட்டிலோரம் உட்கார்ந்து, "அம்மா, அங்க யாரும் வரல. கீரையில கலந்திருந்த இலை பண்ணின வேலை. எல்லாம் உங்க மூளையே உண்டாக்கினதுதான்" என்று பொறுமையாக விளக்கினார்.

"இருக்கட்டும் டாக்டர். என் மூளைதானே? அப்ப எனக்கு மட்டும் ஏன் சொல்ல மாட்டேங்குது?"

மருத்துவர் நாடியைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மகள் அன்று அம்மாவை வற்புறுத்தவில்லை. ஊருக்குத் திரும்பியபிறகுதான் ஆரம்பித்தாள். ஃபோன் பேசும்போதெல்லாம், சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்று கேட்டு முடித்துவிட்டு, வைக்கப்போகும் நேரத்தில், "ஏதாவது ஞாபகம் வந்துதாம்மா?" என்பாள். அப்பாவின் கடைசிக் காலத்தில் லீவு கிடைக்கவில்லை என்று வராமல் இருந்தவள் அவள். லீவு கேட்கவே இல்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும். (இது என் ஊகம். ஆதாரம் கிடையாது. கதைக்கு வேண்டியிருக்கிறது என்று தோன்றியது. அடிக்கவும் மனம் வரவில்லை.)

5

இதற்குள் இன்னும் சிலர் அதே கீரையைச் சாப்பிட்டு அதே மாதிரி உளறி மருத்துவமனைக்கு வந்தார்கள். கம்பெனி விழித்துக்கொண்டது. கடைகளில் ஃப்ரீசர் கண்ணாடிமேல் அறிவிப்பு ஒட்டினார்கள்: இந்தத் தொகுதிப் பாக்கெட்டுகளைச் சாப்பிட வேண்டாம், திருப்பிக் கொடுங்கள், கொதிக்க வைத்தாலும் இந்த நஞ்சு போகாது. பாதிக்கப்பட்டவர்களை ஒவ்வொருவராக அழைத்துப் பேச என் தங்கையை உட்கார வைத்தார்கள்.

டிரைவரம்மாவிடம் அவள் கேட்க வேண்டியிருந்த கடைசிக் கேள்வி இது: "இதே பாக்கெட் வேற ஏதாவது வீட்ல இருக்காம்மா?"

"இன்னொண்ணு இருந்துச்சு. குப்பையில போட்டாச்சு."

"நிச்சயமாம்மா?"

"நிச்சயமா."

தங்கை அதைப் பதிந்துகொண்டு அடுத்த எண்ணை அழைத்தாள்.

"பதில் ரொம்ப சீக்கிரமா வந்துச்சு அக்கா" என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். "தேடிப்பாக்கறேன்னு சொல்லல, யோசிக்கல. கேள்விக்குக் காத்திருந்த மாதிரி டக்குனு சொன்னாங்க. பொய்னு எனக்குத் தெரிஞ்சுது. இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். ஆனா வரிசைல அத்தனை பேர் இருந்தாங்க."

இதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உரித்து முடித்தபிறகும் தோலையே உரித்துக்கொண்டிருந்தாள்.

6

இனி நான் எழுதிய முடிவு ஒன்று:

"தங்கை மதிய உணவைப் பாதியில் விட்டுவிட்டு பஸ் ஏறினாள். கதவைத் தட்டினாள். அடுப்பில் பாத்திரம், தண்ணீர் கொதிக்கத் தொடங்கியிருந்தது. 'கொடுங்கம்மா' என்று கையை நீட்டினாள். டிரைவரம்மா அந்தக் கையைப் பார்த்தபடியே நின்றார். பிறகு பாக்கெட்டை எடுத்து, குழந்தையைக் கொடுப்பதுபோல்"

நன்றாக வந்ததாகவே நினைத்தேன். தங்கையிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டுக் காகிதத்தை மேஜைமேல் வைத்தாள்.

"நான் போகலயே அக்கா."

அதனால் அந்த முடிவு செல்லாது. நடந்தது, டிரைவரம்மா புகார் சொல்ல அழைத்தபோது அவரே சொன்னது, இதுதான்.

ஒரு மதியம் அவர் தலைவாரி, நல்ல உடை உடுத்திக்கொண்டார். தையல்காரி வந்து பார்க்கட்டும் என்று கதவை முன்போலவே ஒருக்களித்து வைத்தார். இரண்டாவது பாக்கெட்டை முழுவதும் சூப் வைத்துக் குடித்தார். இந்தத் தடவை மறந்துபோகக் கூடாது என்று ஃபோனில் ரெக்கார்டரைப் போட்டு மேஜைமேல் வைத்தார். நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தார்.

"இப்படிப் பண்ணலாமாம்மா? செத்துப்போயிருப்பீங்களே!" என்று தங்கை கத்திவிட்டாளாம். கத்தக் கூடாது என்பது அங்கே விதி.

"அதுக்குத்தான் கதவைத் திறந்து வெச்சேன். நான் சாகணும்னு சாப்பிடலம்மா. என் பொண்ணு கேட்டுட்டே இருக்கா. அவர் ஏதோ சொல்லச் சொன்னார், நான் சரின்னு வாக்குக் கொடுத்துட்டேன். இன்னொரு தடவை கேட்டு வாங்கிக்கலாம்னு பாத்தேன்."

"அப்புறம்?"

"வெயில் ஜன்னலை விட்டு இறங்கற வரைக்கும் உக்காந்திருந்தேன். வரல. ரெக்கார்டிங்கை முழுசாக் கேட்டேன். ஃப்ரிட்ஜ் சத்தம்தான். நடுவுல ஒரு தடவை நான் 'நேரமாச்சு, வாங்க'ங்கறேன். அவ்வளவுதான்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "எல்லாப் பாக்கெட்லயும் இருக்குன்னு தானேம்மா நோட்டீஸ் ஒட்டினீங்க?" என்றார்.

அப்படியில்லை. வயலில் எங்கோ ஒரு மூலையில் முளைத்த செடி; ஒரு பாக்கெட்டில் விழும், அடுத்ததில் விழாது. எதில் என்று தெரியாததால்தான் எல்லாவற்றையும் திரும்பக் கேட்கிறார்கள். தங்கை இதை விளக்கினாள். விளக்கும்போதே, அவர் உயிரோடு பேசுகிறாரே என்று நிம்மதியாகவும், அந்த நிம்மதியை அவரிடம் காட்டிக்கொள்ளக் கூச்சமாகவும் இருந்ததாம். "இதை நான் என்னன்னு பதியறது அக்கா? எந்தத் தலைப்புல?" என்று என்னைக் கேட்டாள். 'தரக் குறைவு' என்று பதிந்திருந்தாள்.

7

இங்கே முடித்திருக்க வேண்டும். ஆனால் எழுதுகிறவளுக்கு மூக்கு நீளம். ஜிப் போன ஒரு பழைய மேற்சட்டையை எடுத்துக்கொண்டு தையல்காரியைத் தேடிப் போனேன்.

ஜிப்பைப் பிரித்துக்கொண்டே அவள் கேட்டாள்: "நீங்க கதை எழுதறவங்கதானே? கம்பெனிப் பொண்ணோட அக்கா? உங்க தங்கச்சி டிரைவரம்மாகிட்ட சொல்லியிருக்கு."

மறைக்க ஒன்றுமில்லை என்று ஆனதும் எனக்கும் லேசாக இருந்தது. ஆமாம் என்றேன்.

மகள் மறுபடி வந்திருந்தாளாம். அம்மா இரண்டாவது பாக்கெட்டைச் சாப்பிட்ட விஷயம் தெரிந்து, அடித்துப்பிடித்து ஓடிவந்திருக்கிறாள். அம்மாவைத் திட்டவில்லை. தையல்காரியின் வீட்டுக்கு வந்து, துணிக்குவியலை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து, "அன்னைக்கு எங்கம்மா பேசினதை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாளாம். டிரைவரம்மாவும் பின்னாலேயே வந்து வாசலில் நின்றாராம்.

"சொன்னேன். அதெல்லாம் கொடுத்தாச்சு, மாடிப்படி விளக்கு, சிரிக்க வைக்காதீங்க. எத்தனை தடவை சொல்லியிருப்பேன், எனக்கு மனப்பாடம். அந்தப் பொண்ணு என் வாயையே பாத்துட்டிருக்கு. 'அவகிட்ட சொல்லிடறேன்'கிற இடம் வந்துச்சு. அதோட முடிஞ்சுடணும். முடியல." தையல்காரி ஊசியை நிறுத்தினாள். "ஒரு வரி சேத்துட்டேன். அவங்கம்மா சொன்ன மாதிரி. இதுவும் சொன்னாங்க, இப்பதான் ஞாபகம் வருதுன்னு."

"என்ன வரி?"

சொன்னாள். சின்ன வரி. ஒரு அப்பா மகளுக்குச் சொல்லியனுப்பக்கூடிய விஷயத்துக்கு அம்மா 'சரி' சொல்வதுபோல. என்னால் ஒரு மாதம் உட்கார்ந்தாலும் அதை எழுதியிருக்க முடியாது.

"அந்தப் பொண்ணு அழுது தீத்துடுச்சு. டிரைவரம்மா வாசல்லயே நின்னு, 'ஆமா, சொன்னேன். ஆமா, அப்படித்தான் சொன்னார்'ங்கறாங்க. அவங்களுக்கே இப்ப ஞாபகம் வந்துடுச்சு. நேத்துக்கூட என்கிட்ட அவரோட குரல்லயே சொல்லிக் காட்டினாங்க." ஜிப்பை ஒருமுறை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தாள். "நீங்க இந்தத் தொழில்ல இருக்கறவங்க. சொல்லுங்க. நான் பண்ணினது தப்பா?"

என் தொழிலே அதுதான் என்று சொல்ல வந்தேன். ஆனால் நான் எழுதுவதை யாரும் நம்பிவிடுவதில்லை. நம்பி, அதைத் தங்கள் நினைவு என்று வைத்துக்கொள்வதில்லை. அவள் செய்ததற்குப் பெயர் எனக்குத் தெரியவில்லை. மேற்சட்டையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

8

மகள் கதை படிப்பவளாம். அதனால் சிலதை மாற்றியிருக்கிறேன். பேருந்து என்று எழுதியிருப்பது பேருந்து இல்லை, லிஃப்ட் என்பது லிஃப்ட் இல்லை. கீரையும் கீரையாக இருக்கவேண்டியதில்லை. தெரிந்தவர்கள் படித்தாலும் வேறு யாரோ என்று கடந்துபோக வேண்டும்.

ஆனால் அந்த வரியை என்ன மாற்றி எழுதினாலும் அவர்களுக்குத் தெரிந்துவிடும். அதைப் பார்த்ததும், அது எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்துவிடும். அதனால் இங்கே அது இல்லை.

இது நியாயமில்லை என்று உங்களுக்குத் தோன்றலாம். இத்தனை தூரம் கூட வந்திருக்கிறீர்கள். ஒன்று செய்யுங்கள். உங்களிடமும் சொல்லாமல் போன யாராவது இருப்பார்கள். அவர்கள் சொல்லியனுப்பியிருக்கக்கூடியதை நீங்களே கீழே போட்டுக்கொள்ளுங்கள். பென்சிலால் எழுதுங்கள். என்னிடம் காட்ட வேண்டாம்.

"சரி சரி. அவகிட்ட சொல்லிடறேன். நீங்க கவலைப்படாதீங்க.

....................................................................."