வலது பக்கத்துப் பெட்டி

என் கணவரின் கருமாதி முடிந்த நான்காம் நாள் மணிமொழி வந்தாள். அறுபதைத் தாண்டியும் அந்தக் குரல் அப்படியே இருந்தது. அதுதான் எனக்கு முதலில் பிடிக்கவில்லை.

"அண்ணி, சாவுக்கு வர முடியல. காலு வீங்கிப் படுத்துட்டேன்."

என் கணவர் அப்பாதுரையை அவள் அண்ணன் என்பாள். அதனால் நான் அண்ணி. முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்பு மெல்லிசைக் குழுவில் பாடிய காலத்திலும் அப்படித்தான் அழைப்பாள். அந்த 'அண்ணி' என்ற அழைப்பை நான் ஒருநாளும் நம்பியதில்லை.

அந்தக் குழுவுக்கு ஸ்பீக்கர் பெட்டிகள் கட்டிக் கொடுத்தவர் இவர். வாடகைக் குழாய் ஸ்பீக்கரில் பாட்டு தகரமாகக் கேட்கிறது என்று பிளைவுட் வாங்கி அறுத்து, உள்ளே இலவம்பஞ்சு ஒட்டி, மார்பு உயரத்துக்கு இரண்டு பெட்டிகள் செய்தார். மேடைக்கு இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. வயர்களை ஈயம் உருக்கி வைத்து ஒட்டியது நான். அவரே கற்றுக்கொடுத்தார். ஆனால் பெட்டிகளைச் சரிபார்க்க மணிமொழியின் குரல்தான் வேண்டும். கச்சேரிக்கு முன்பு வாத்தியமில்லாமல் அவளை இரண்டு வரி பாடச் சொல்லிவிட்டு, மைதானத்தின் கடைசியில் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். அதுவரையிலான பதினோரு வருடக் குடித்தனத்தில் நான் பேசி அவர் கண்ணை மூடிக் கேட்டதில்லை. தூங்கியதுண்டு.

அடி அண்ணாமலை கிராமத்து ஆடித் திருவிழாவுக்குப் பெட்டிகள் புறப்பட வேண்டிய மதியம், அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, இடது பெட்டியைத் திறந்து சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் இடம் மாற்றி ஈயம் வைத்தேன். ஒரு ஸ்பீக்கர் காற்றை முன்னே தள்ளும்போது இன்னொன்று பின்னே இழுத்தால், நடுவில் இருப்பவர்களுக்குக் குரல் மெலிந்து போகும். அதுவும் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். அன்று வழியில் வேன் பஞ்சர். சரிபார்க்க நேரமில்லை.

மணிமொழி பாடியபோது வெறும் காற்றுதான் வந்தது. "என்னாம்மா, சோறு துன்னலியா?" என்று ஒருவன் கேட்க, கூட்டம் சிரித்தது. நான் நடுவில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன். கடலை ருசியாகவே இருந்தது.

மறுநாள் பெட்டிகளோடு அறைக்குள் போனவர் சாயங்காலம் வெளியே வந்தார்.

"சரியாயிடுச்சு" என்றார். அவ்வளவுதான். கண்டுபிடித்தாரா, அவளிடம் சொன்னாரா என்று கடைசிவரை நான் கேட்கவில்லை.

கருமாதிக்கு மறுநாள், அதைத் தெரிந்துகொள்ள, டார்ச்சிலிருந்து பேட்டரியை எடுத்து இரண்டு பெட்டிகளின் வயர்களிலும் தொட்டுப் பார்த்தேன். வயர் சரியாக இருந்தால் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னே வரும். இடது பெட்டியில் அது பின்னே போனது. என் ஈயம் அப்படியே இருந்தது. வலது பெட்டியிலும் பின்னேதான் போனது. திறந்தேன். அங்கே வயர்கள் இடம் மாறியிருந்தன. ஈயம் தாராளமாக, மொத்தையாக இருந்தது. அது அவர் கை. இரண்டும் ஒன்றாக இழுத்தால் பாட்டு சரியாகிவிடும். என் தப்பைத் தொடாமல், அதற்கு ஜோடியாக இன்னொன்றைச் செய்து வைத்திருக்கிறார்.

மணிமொழி காபியை ஆற்றியபடி சொன்னாள்: "அந்த ஆடித் திருவிழாவுக்கு அப்புறம் பாட்டையே விட்டுடலாம்னு இருந்தேன் அண்ணி. ரெண்டு நாள் கழிச்சு அண்ணன் கீழ்பென்னாத்தூர்ல எங்க வீட்டுக்கு சைக்கிள்லயே வந்தாரு. உன் தொண்டைல ஒண்ணும் இல்ல, நான்தான் வயர மாத்திக் குடுத்துட்டேன்னாரு."

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

"வேற என்னா? மோர் குடிச்சாரு, போயிட்டாரு."

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனாலும் அவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்துப் போய் அவளிடம் பேசியிருக்கிறார். வீட்டில் இருந்த என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

"பாட்டு கிளாஸ் எடுக்கிறேன் அண்ணி. அண்ணன் ஞாபகமா ஒரு பெட்டி குடுங்களேன். வலது பக்கத்தது. நான் அந்தப் பக்கமாத்தான் நிப்பேன்."

"அது தர மாட்டேன். இடது பக்கத்தத எடுத்துக்கோங்க."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்ல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஒற்றைப் பெட்டி என்றால் வயர் எப்படி இருந்தாலும் பாடும். லோடு ஆட்டோ பிடித்து இடது பெட்டியை ஏற்றிக்கொண்டு போனாள்.

நான் உள்ளே வந்து வலது பெட்டியின் பின்பலகையை மூடி, நான்கு திருகுகளையும் இறுக்கினேன். அவர் எனக்குச் சொன்ன பதில் அது ஒன்றுதான். அதையும் அவளுக்குக் கொடுக்க முடியாது.