பலகைக்கு அந்தப் பக்கம்

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இருப்பது சுவர் இல்லை, பலகை. ஒரே வீடாக இருந்ததை, வாடகை இரண்டாக வரட்டும் என்று வீட்டுக்காரர் நடுவில் பலகை அடித்து, இரண்டு பக்கமும் வெள்ளையடித்து, வாசலில் இரண்டு கதவு எண் எழுதிவிட்டார். ஆணி அடித்தால் நுனி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும். குடிவந்த புதிதில் காலண்டர் மாட்டப் போய், "யாருப்பா அது, கண்ணக் குத்தப் பாக்குற?" என்று அங்கிருந்து திட்டு வாங்கினேன். அது பழைய குடும்பம். அவர்கள் போய்விட்டார்கள்.

இந்தத் தெருவில் எல்லாரும் கம்பெனிக்காரர்கள். ஆறு மணி ஷிப்ட், இரண்டு மணி ஷிப்ட், பத்து மணி ஷிப்ட். ஒருத்தர் வரும்போது இன்னொருத்தர் போவார். அதனால் இங்கே ஆளைவிட ஆளுடைய பூட்டும் கொடியில் காயும் சட்டையும்தான் எனக்கு அதிகப் பழக்கம். சட்டையின் நிறத்தைப் பார்த்து எந்தக் கம்பெனி என்று சொல்லிவிடுவேன். முகத்தைக் காட்டினால் முழிப்பேன்.

எனக்கு பிரஸ்ஸில் வேலை. குளிர்பதனப் பெட்டியின் முதுகுத் தகடு இருக்கிறதே, அதை அடிக்கிற இயந்திரம். இருபத்தாறு வருடம் அதன் பக்கத்தில் நின்றதில் வலது காதைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டேன். இடது காது இன்னும் என்னுடையது. கம்பெனியில் எனக்கு மைக் என்று பட்டப்பெயர். ஒருமுறை யூனியன் கூட்டத்தில் மைக் கெட்டுப்போய், நான் எழுந்து நின்று கடைசி வரிசைவரை கேட்கிற மாதிரி பேசினேன். அதனால் வந்த பெயர் என்றுதான் இத்தனை நாளும் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி மகன் வீட்டில் இருக்கிறாள். மருமகளின் பிரசவத்துக்கு மூன்று மாதம் என்று போனவள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று இருந்தாள், பிறகு இரண்டாவது பிள்ளை. நாலு வருடம் ஆகிறது. சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. போன் செய்வாள். நான் "என்ன?" என்பேன், அவள் "என்ன?" என்பாள், அந்தப் பக்கம் பிள்ளை அழும், "சரி, வேளாவேளைக்குச் சாப்பிடுங்க" என்று வைத்துவிடுவாள். திரும்பி வருகிறாயா என்று நான் கேட்டதில்லை. வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

அவள் போன அதே மாதம்தான் பலகைக்கு அந்தப் பக்கம் இவர்கள் குடிவந்தார்கள். வேன் ஓட்டுகிற தம்பி, ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்க்கிற அவன் மனைவி, ஒரு பெண் குழந்தை. அப்போது குழந்தைக்கு மழலைகூட மாறவில்லை. இப்போது மூன்றாம் வகுப்பு, சரியான வாயாடி.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கட்டிலைப் பலகையோடு ஒட்டிப் போட்டு, இடது காது அந்தப் பக்கம் வருகிற மாதிரி படுப்பேன். இரண்டரை மணிக்கு வேலை முடிந்து வந்து கொஞ்சம் தூங்குவேன். ஐந்து மணிக்குப் பள்ளிப் பை தரையில் விழுகிற சத்தம்தான் என்னை எழுப்பும். அதற்குப் பிறகு ஒன்பது மணிவரை எனக்கு ஆள் இருக்கிற வீடு. அந்தத் தம்பி ஊசிக்குப் பயப்படுவான். அந்தப் பெண் சிரித்தால் முதலில் மூக்கால்தான் சத்தம் வரும். சனிக்கிழமை ஆனால் அவனுடைய அண்ணனை வைத்து ஒரு சண்டை நிச்சயம். நேரில் பார்த்துப் பேசியது பத்துத் தடவை இருந்தால் அதிகம். "என்னண்ணே, வேலைக்கா?" "ஆமாம்மா." அவ்வளவுதான். ஒருநாள் குப்பைத் தொட்டியருகே, "பல்வலி எப்படிம்மா இருக்கு?" என்று வாய்வரை வந்ததை மென்று விழுங்கினேன். அவள் என்னிடம் எப்போது பல்வலி என்று சொன்னாள்?

அந்தச் செவ்வாய்க்கிழமை தம்பி சீக்கிரம் வந்துவிட்டான். குழந்தையை உட்காரவைத்து வாய்ப்பாடு கேட்டான். ஏழாம் வாய்ப்பாடு.

"ஏழெட்டு?"

"அம்பத்தி... நாலு."

"தப்பு. முதல்ல இருந்து வா."

அவள் முதலிலிருந்து வருவாள். ஏழெட்டில் வந்து நிற்பாள். அம்பத்தி நாலு. ஒரு தடவை இல்லை, ஆறு தடவை. பாவம், பயத்தில் அதே எண்தான் வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் குரல் ஏறிக்கொண்டே போனது. "இன்னொரு தடவ தப்பா சொன்ன, வெளிய நிக்க வெச்சிருவேன்." குழந்தை எச்சில் விழுங்குகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது.

"ஏழெட்டு?"

"அம்பத்தாறுடா கண்ணு," என்றேன்.

நான்தான் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன் என்று நினைத்தேன்.

அந்தப் பக்கம் அடுப்பில் கரண்டி சுற்றுகிற சத்தம் நின்றது. பிறகு குசுகுசுவென்று ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு டிவியைச் சத்தமாக வைத்தார்கள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. என்ன நினைப்பார்கள்? ஒரு பொம்பளை, ஒரு பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டுப் பலகையில் காதை வைத்துக்கொண்டு ஒரு தடியன் படுத்திருக்கிறான் என்றுதானே? புதன், வியாழன், வெள்ளி, எல்லா நாளும் அந்த டிவிதான். அதற்கு அடியில் பேச்சு இருந்தது, ஒரு வார்த்தை என் பக்கம் வரவில்லை. தட்டைக்கூடத் துணியில் வைப்பது போல வைத்தார்கள். பள்ளிப் பை விழவில்லை. நான் தூங்கிப்போய் ராத்திரி ஏழு மணிக்கு எழுந்து, விடிந்துவிட்டதென்று பதறிச் சட்டை போட்டேன். சனிக்கிழமை சண்டையும் இல்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் குரல்கள் போய்விட்டால் இந்த வீட்டில் எனக்கு வேறு என்ன இருக்கிறது? ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஒரு அடுப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டையை மாற்றிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். தம்பிதான் திறந்தான்.

"தம்பி, அன்னிக்கு வேணும்னு கேக்கல. பலக அப்படி. மன்னிச்சிரு."

"உள்ள வாங்கண்ணே. மெதுவா பேசுங்க, தெருவே திரும்பிப் பாக்குது."

பலகையின் அந்தப் பக்கத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பார்க்க முடியவில்லை. ஒரு பழைய மெத்தையை நிமிர்த்தி, முழுப் பலகையையும் மறைக்கிற மாதிரி சாய்த்திருந்தார்கள். அந்தப் பெண் நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள்.

"அது... வெயில்ல போடணும்னு எடுத்து வெச்சோம்ணே," என்றவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"கோவமாம்மா?"

"கோவம் இல்லண்ணே. வெக்கமா இருக்கு. நாங்க பேசுறது பூரா கேட்டிருக்குமே."

"பூரா இல்லம்மா."

"எவ்ளோ?"

தரையைப் பார்த்தேன். தம்பிதான் பொறுமையிழந்து, "விடு, நாமளும்தான் அவரக் கேட்டுட்டு இருக்கோம்," என்றான்.

"என்னயா? நான் தனி ஆளு, என்கிட்ட கேக்க என்ன இருக்கு?"

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குழந்தை என் பக்கத்தில் வந்து நின்றது.

"தாத்தா, உங்க வீட்டுப் பாட்டி ஏன் திரும்பப் பேசவே மாட்டேங்குறாங்க? நீங்க மட்டும் பேசிட்டே இருக்கீங்க. அவங்களுக்கு உடம்பு சரியில்லையா? வெளியவே வர மாட்டேங்குறாங்க."

ஆடிப்போனேன். வேறு நாளாக இருந்தால், தாத்தா என்றதற்கே அவளிடம் வம்புக்குப் போயிருப்பேன்.

சாயங்காலம் டீ போடும்போது நான் என் மனைவியிடம் பேசுவது உண்மைதான். இன்னிக்கு கம்பெனியில என்ன நடந்துச்சு தெரியுமா என்று ஆரம்பிப்பேன். காய் என்ன விலை, முட்டி வலி எப்படி, எப்போது வருகிறாய் என்று எல்லாம் கேட்பேன். உதடு அசைகிறதோ இல்லையோ என்கிற அளவில்தான் பேசுகிறோம் என்று நினைத்திருந்தேன். பிரஸ் ஓடுகிற இடத்தில் இருபத்தாறு வருடம் பேசிய தொண்டைக்கு எது மெதுவு என்று எப்படித் தெரியும்?

"எவ்ளோ சத்தமா கேக்கும் தம்பி?"

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. நாலு வீடு தள்ளி தையல்காரர் இருக்காருல்ல, அவரு வரைக்கும். நீங்க உங்க போர்மேனத் திட்டுறப்போ மட்டும் இவ பாப்பா காதப் பொத்திடுவா."

மைக் என்ற பெயருக்கு அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. கம்பெனி பூராவும் என்னை வைத்து நன்றாகத்தான் சிரித்திருக்கிறது. நானும் ஏதோ பட்டம் கொடுத்த மாதிரி தலையைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன்.

"ஏம்மா, நாலு வருஷமா ஒரு வார்த்த சொல்லலியே?"

"சொன்னா நிறுத்திடுவீங்களே," என்றாள். "நீங்க அண்ணிகிட்ட பேச ஆரம்பிச்சா டிவியக் கொறச்சிடுவோம். பேசி முடிக்கட்டும்னு இருப்போம்."

வெட்கப்படுவதா, அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. கொடுத்த டீயைக் குடித்தேன். இனிமேல் எப்போதும் போல இருங்கள் என்று நான் அவர்களிடம் சொன்னேன். நீங்களும் எப்போதும் போல இருங்கள் என்று அவர்கள் என்னிடம் சொன்னார்கள்.

மறுநாள் மெத்தையை எடுத்துவிட்டார்கள். பள்ளிப் பை ஐந்து மணிக்குத் தொப்பென்று விழுந்தது. எனக்கு அத்தனை சந்தோஷம், எழுந்து உட்கார்ந்துவிட்டேன். குரல்கள் வந்தன.

"சாப்பாடு ரொம்ப நல்லாருக்கு," என்றான் தம்பி. நாலு வருடத்தில் அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

"இன்னும் கொஞ்சம் வெச்சுக்கோங்க," என்றாள் அவள். வெச்சுக்கோங்கவாம். அவனை வாடா போடா என்று கூப்பிடுகிறவள்.

குழந்தை பலகையருகே வந்து, "தாத்தா, எட்டெட்டு அறுபத்தி நாலு," என்று எனக்கு ஒப்பித்தது. "சரி கண்ணு," என்றேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த நாளும் அதேதான், அதற்கடுத்த நாளும் அதேதான். யாரும் யாரையும் அதட்டவில்லை. யாரும் மூக்கால் சிரிக்கவில்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் எப்படிப் பேசுவோமோ, அப்படிப் பேசினார்கள். அந்த விருந்தாளி நான்தான். எழுந்து போகாத விருந்தாளி.

என் பக்கமும் அதே கதைதான். டீ போடும்போது, "இன்னிக்கு கம்பெனியில," என்று ஆரம்பித்தேன். உடனே அந்தப் பக்கம் டிவி குறைந்தது. டம்ளரை எடுத்து டீயை ஆற்றினேன். நாலு வருடமாக நடந்த பேச்சு அன்றோடு நின்றது. என் மனைவி இரண்டாவது தடவையாக வீட்டை விட்டுப் போனது போல இருந்தது.

வியாழக்கிழமை தம்பி வர நேரமாகிவிட்டது. அவள் வேலையிலிருந்து வந்தாள், பையை வைத்தாள், யாரிடமோ போனில் இரண்டு வார்த்தை பேசினாள். பிறகு தொண்டை கமறி ஒரு சத்தம் வந்தது. அழ ஆரம்பிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அழுகை வரவில்லை. அவசரமாக நடந்து போகிற சத்தமும், குளியலறைக் குழாயைத் திருகுகிற சத்தமும் வந்தன. தண்ணீர் வாளியில் விழுந்துகொண்டே இருந்தது. ரொம்ப நேரம் விழுந்தது.

நாள் பூராவும் ஆஸ்பத்திரித் துணியை வெளுத்துவிட்டு வருகிற ஒரு பெண், தன் வீட்டில் தான் அழுவதற்கு என் காதுக்குப் பயந்து குழாயைத் திறந்துவிட வேண்டியிருக்கிறது. எனக்குத் துணை வேண்டும் என்று அவர்கள் வீட்டை அவர்களிடமிருந்து பிடுங்கி வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு, மூன்று பேரும் வீட்டில் இருக்கிற நேரம் பார்த்து, கட்டிலைப் பிடித்து இழுத்தேன். வேண்டுமென்றே தூக்காமல் இழுத்தேன். தரை அலறியது. தெருப் பக்கத்து ஜன்னல்வரை இழுத்துப் போட்டேன். அலமாரியைக் காலி செய்து, பலகையோடு ஒட்டி நிறுத்தி, போர்வை, பழைய சட்டை, மனைவியின் புடவை என்று இருக்கிற துணியையெல்லாம் அதில் திணித்தேன். பிறகு நடு வீட்டில் நின்றேன். என் தொண்டை என்ன செய்யும் என்று தெரிந்தே, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை பேசினேன்.

"ஏய், கேட்டியா, கட்டில ஜன்னல் பக்கம் மாத்திட்டேன். அங்க காத்து இல்ல. இங்க படுத்தா ஒண்ணும் காதுல விழ மாட்டேங்குது. லாரிச் சத்தம்தான். நிம்மதியா இருக்கு."

என் மனைவியிடம் நான் சொன்ன முதல் பொய் அது.

சனிக்கிழமை ஜன்னலோரம் படுத்திருந்தேன். லாரி போனது, இரண்டு மணி ஷிப்ட் முடிந்தவர்கள் போனார்கள், யாரோ பூட்டைத் திறந்தார்கள். பத்தரை மணி வாக்கில் அலமாரிக்குப் பின்னால் ஏதோ கேட்டது. வார்த்தை இல்லை, ஏற்ற இறக்கம் மட்டும். அவள் குரல் ஏறியது, அவன் குரல் அதற்கு மேல் ஏறியது, ஒரு பாத்திர மூடி உருண்டு உருண்டு நின்றது. வாங்க போங்க பேசுகிறவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். அண்ணனைப் பற்றியா, வியாழக்கிழமை வந்த போனைப் பற்றியா, எனக்குத் தெரியவில்லை. எழுந்து போய் அலமாரிப் பக்கத்தில் நின்றால் தெரிந்துவிடும், நாலடி தூரம்தான். நான் எழுந்திருக்கவில்லை. அவர்கள் சண்டை போட்டு முடிக்கிறவரைக்கும், யாரிடமும் பேசாமல், விழித்துக்கொண்டே கிடந்தேன்.