நல்லதாப் பேசு

ரெமிஜியஸ் இறந்து இரண்டு மாதம் கழித்து, பொம்மனஹள்ளியில் இருந்த அவர் வீட்டுக்கு ஷில்பா வந்தாள். வயதானவர்களின் உடல்நிலையை வருஷாவருஷம் விசாரித்துப் பதியும் ஆய்வு ஒன்றில் வேலை பார்ப்பவள். இந்த முறை அவள் கொண்டுவந்தது இறப்புப் படிவம்.

அவர் மனைவி எலிசபெத் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். கணவர் தங்கவயல் சுரங்கத்தில் இருபது வருஷம் நிலத்தடி வேலை பார்த்தவர். கடைசி எட்டு மாதம் படுத்த படுக்கை. எழுதி முடித்துப் பேனாவை மூடப்போன ஷில்பாவை அவள் நிறுத்தினாள்.

"மூணு வருஷம் முன்ன நீ கேட்டியே, வரப்போற நாளு நல்லாயிருக்கும்னு நம்புறீங்களான்னு. இல்லன்னுட்டாரு. அன்னிக்கே மனச விட்டுட்டாரும்மா. அதான் அவர கொன்னுச்சு."

"யார் சொன்னாங்க ஆன்ட்டி?"

"எங்கண்ணன் கிளெமென்ட் பேப்பர்ல காட்டினாரு. நம்பிக்கையா இருக்கிறவங்க ரொம்ப நாள் வாழ்றாங்களாம். உங்கள மாதிரி ஆளுங்கதான் கண்டுபிடிச்சாங்களாம்."

ஷில்பா பையில் அந்த வருஷத்துப் படிவத்தைத் தேடி எடுத்தாள்.

"அன்னிக்கு மெஷின்ல ஊதச் சொன்னோமே, அப்பவே மூச்சு இருக்க வேண்டியதுல பாதிகூட இல்ல. படி ஏற முடியலன்னும் சொல்லியிருக்காரு. உள்ள நோவு இருக்கிறவங்களுக்கு நம்பிக்கை எங்கேர்ந்து வரும்? அவங்க சீக்கிரம் போயிடறாங்க. வெளியிலேர்ந்து பாத்தா நம்பிக்கை இல்லாததாலதான் போனாங்கன்னு தோணும்."

"அப்ப, நம்பியிருந்தாலும் பொழச்சிருக்க மாட்டாரா?"

"ஒருத்தர வெச்சு அத சொல்ல முடியாது ஆன்ட்டி. ஆனா மனச விட்டதால அவரு நெஞ்சு கெடல. நெஞ்சு கெட்டுப்போனது முன்னாடியே அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

ஆறுதலாக இருக்கும் என்றுதான் அவள் சொன்னாள். எலிசபெத் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"ஒரு நாளு என் கையப் புடிச்சிக்கிட்டு, 'எலிசா, நான் போனப்புறம்'னு ஆரம்பிச்சாரு. வாயப் பொத்திட்டேன். அந்தப் பேச்சே உசுர எடுத்துடும்னு பயம். மறுபடியும் ஆரம்பிச்சாரு. நல்லதாப் பேசு, இல்லாட்டி பேசாதன்னு கத்தினேன். கடைசி மாசம் பேசறதயே விட்டுட்டாரு."

"அவரு போகப்போறாருன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும் ஆன்ட்டி?"

"அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சே."

ஷில்பா கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினாள். எலிசபெத் போட்டுக் கொடுத்தாள்.

"அவரோட அம்மா தங்கவயல் கல்லறைல இருக்காங்க. தன்னையும் அங்க வைக்கச் சொல்ல வந்தாரோ என்னவோ," என்றாள். "நாங்க இங்கயே அடக்கம் பண்ணிட்டோம்."