கம்பியில் தொங்கிய விதைக்கட்டி

அந்த வீட்டில் அப்பா சாப்பிட வேண்டுமென்றால் முதலில் பறவை சாப்பிட்டாக வேண்டும். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். காலை எழுந்ததும் கரண்டியும் கிண்ணமுமாக நின்று, ஜன்னலுக்கு வெளியே எந்தக் குருவியாவது மனசு வைக்காதா என்று காத்துக் கிடக்கிறவளுக்குச் சிரிப்பு எங்கிருந்து வரும்? அப்படிக் காத்துக் கிடந்தவள் அந்த வீட்டின் மூத்த மகள். ஊரும் உறவும் அவளை மூத்தவள் என்றே சொல்லும்.

அப்பா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். வேலையில் இருந்தவரை ஒருத்தரையும் சும்மா விட்டதில்லை. சொந்த மைத்துனரையே பாதி வழியில் இறக்கிவிட்ட புண்ணியவான். கடைசியில் அவரை அவர் கால்களே பாதி வழியில் இறக்கிவிட்டன. கட்டிலோடு கட்டிலாக ஆனபிறகு எப்போது குளிப்பது, எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பது, எதுவும் அவர் முடிவு இல்லை. வாயைத் திறப்பதா வேண்டாமா என்பது ஒன்றுதான் அவர் கையில் மிச்சம். அவர் திறக்கவில்லை. எல்லோரும் கெஞ்சிப் பார்த்தார்கள், மிரட்டிப் பார்த்தார்கள். மனுஷன் அசையவில்லை.

அப்போதுதான் மூத்தவள் விளையாட்டாக ஒரு காரியம் செய்தாள். கறிக்கடையில் கழித்துப் போடும் கொழுப்பை வாங்கி உருக்கி, கம்பும் தினையும் சூரியகாந்தி விதையும் கொட்டிக் கிளறி, பழைய டீக் கப்பில் அழுத்தி, நடுவில் ஒரு நூலை விட்டு உறைய வைத்தாள். காலையில் கப்பைக் கவிழ்த்துத் தட்டினால் கட்டி முழுசாகக் கையில் விழுந்தது. ஜன்னலுக்கு எதிரே இருந்த மரக்கிளையில் கட்டிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் தலையில் கறுப்புத் தொப்பி வைத்த மாதிரி ஒரு குருவி வந்து தொற்றிக்கொண்டது. அப்பா கண் கொட்டாமல் பார்த்தார்.

"டிக்கெட் இல்லாம ஏறிட்டான் பாரு," என்றார். பிறகு வாயைத் திறந்தார்.

அன்றைக்கு அவள் பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சம் இல்லை. அந்தச் சந்தோஷத்துக்குத்தான் இன்றுவரை வட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாளிலிருந்து அது சட்டமாகிவிட்டது. தொப்பிக்காரன் வரணும், குண்டச்சி என்று அவர் பேர் வைத்த கொழுத்த குருவி வரணும், கூடவே இன்னும் ஒன்றிரண்டு. பார்வை மட்டும் அப்பாவுக்குக் கழுகுப் பார்வை. ஒன்று குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். பறவை வராத காலையில் சாப்பாடு கிடையாது.

ஒரே ஒரு தடவை மூத்தவள் ஒரு கல்யாணத்துக்குப் போனாள். மாடியில் குடியிருக்கும் தம்பி பொறுப்பை ஏற்றுக்கொண்டான். கொழுப்பைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினான், விதையெல்லாம் அடியில் தங்கியது, கட்டி நூலை விட்டு நழுவிச் சேற்றில் விழுந்தது. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்து மயங்கிப் போனார். தாலி கட்டுவதைக்கூடப் பார்க்காமல் ஓடிவந்தாள். அதோடு சரி, கடைத்தெருவைத் தாண்டி அவள் போனதில்லை.

"அண்ணி கை பட்டாத்தான் பறவையே வருது," என்பாள் தம்பி மனைவி. நல்ல பெண், மனசில் கல்மிஷம் இல்லாதவள். ஆனால் அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் யாரோ வெளியிலிருந்து கதவைப் பூட்டுகிற மாதிரி மூத்தவளுக்கு இருக்கும். திட்டினால் பதிலுக்குத் திட்டலாம். புகழ்கிறவளை என்ன செய்வது?

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில்தான் சலவைக்கடைக்காரி போன் செய்தாள். ஒரு காலத்தில் இரண்டு பேரும் ஒரே மேஜையின் இரண்டு பக்கம் நின்று இஸ்திரி போட்டவர்கள். இப்போது அவள் வேறு ஊரில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறாள்.

"கல்லாவுல உட்கார நம்பிக்கையான ஆள் வேணும்டி. கடைக்கு மேலேயே ஒரு ரூம் இருக்கு, உனக்கே உனக்கு. ஆனா சீக்கிரம் சொல்லு. இன்னொருத்தி கேட்டுட்டிருக்கா."

"அப்பாவை விட்டுட்டு எப்படிடி?"

"உன் தம்பி என்ன, கடல்லயா இருக்கான்? மாடியிலதானே இருக்கான்."

அடுப்படியில் நின்று, போனை ஸ்பீக்கரில் போட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்துத்தான் பேசினாள். ஆனால் அடுப்படிக்கும் அப்பா அறைக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் சுவர். சாயங்காலம் மாத்திரை கொடுக்கப் போனபோது அப்பா கேட்டார்: "அந்த ரூம்ல ஜன்னல் இருக்கா?"

"எந்த ரூம்ப்பா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பறவை வரலைன்னா சாப்பாடு இல்ல. கட்டியை யார் செஞ்சா எனக்கென்ன."

அன்று இரவே அவள் தம்பியைப் பிடித்து அடுப்படியில் நிறுத்தினாள். அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். பத்து மாடியைத் தூக்கி நிறுத்துகிற கை, ஒரு டீக் கப்பை என்ன செய்வதென்று தெரியாமல் உருட்டிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு உன் கட்டிக்குப் பறவை வந்து, உன் கையால அப்பா சாப்பிட்டா நான் வேலைக்குப் போறேன். இல்லைன்னா இந்தப் பேச்சை இத்தோட விட்டுடறேன்," என்றாள்.

தம்பி அவளையே பார்த்தான். "போகணும்னு அவ்வளவு ஆசையாக்கா?"

"ஆமா," என்றாள். அந்த ஒரு சொல்லை வெளியே சொல்ல அவளுக்கு இத்தனை காலம் பிடித்தது.

அவன் அடுப்பைப் பற்ற வைத்தான். சின்னத் தீயில் கொழுப்பை உருக்கினான். "இறக்கு. ஆற விடு. ஓரத்துல வெள்ளையாத் திரளும், அப்பத்தான் விதை போடணும்," என்று அவள் சொல்லச் சொல்லச் செய்தான். உப்பில்லாத கடலையை நொறுக்கிப் போட்டான். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு, தொடாமல் உட்கார்ந்திருந்தாள். தொடாமல் இருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

காலையில் கட்டி கும்மென்று வந்தது. அவள் செய்வதைவிட வடிவாகவே இருந்தது என்றுகூடச் சொல்லலாம். தம்பி அதை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனான். மூத்தவள் அப்பா அறையின் வாசலில், அவர் தலைமாட்டுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள்.

அங்கேதான் தம்பியின் தொழில் புத்தி குறுக்கே வந்தது. ஆட்களை ஏற்றும் பெட்டியைக் கம்பியில் தொங்கவிடுகிற பயலுக்கு ஒரு நூலை நம்ப மனசு வரவில்லை. கட்டி மறுபடியும் விழுந்தால் அக்காவின் வாழ்க்கையும் கூடவே விழுந்துவிடும் என்று பயந்தானோ என்னவோ, யாரிடமும் சொல்லாமல் நூலை உருவிவிட்டுப் புத்தம்புது எஃகுக் கம்பியைக் கோத்து, கொக்கி போட்டு முறுக்கியிருந்தான். வெயில் பட்டு அது பளபளவென்று கண்ணைக் குத்தியது. யானையைக் கட்டினாலும் அறுந்திருக்காது.

பறவைகள் வந்தன. மதில்மேல் வரிசையாக உட்கார்ந்தன. தொப்பிக்காரன் ஒரு தடவை கிட்டே பறந்தான், கம்பி மின்னியதும் திரும்பி ஓடிவிட்டான். குண்டச்சி இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை.

மூத்தவளுக்கு உடனே விளங்கிவிட்டது. கூடவே, சொல்ல வெட்கமாக இருக்கிறது, மனசுக்குள் ஒரு அற்ப நிம்மதி எட்டிப் பார்த்தது. நான் இல்லாமல் நடக்காது. அந்த நினைப்பைக் கண்டு அவளே பயந்துபோனாள். பூட்டியது அவர்கள் மட்டும் இல்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கம்பியை மாற்று என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிறகு பறவை வந்தாலும் அது அவளால் வந்ததுதான்; தேர்வு முடிந்தது, தம்பி தோற்றான், எல்லாம் பழையபடி. வாய்வரை வந்த வார்த்தையை அவள் விழுங்கினாள். சொல்லாவிட்டாலும் தோல்விதானே, பறவை வராதே.

தம்பி உள்ளே வந்து, ஜன்னலுக்கு முதுகு காட்டி முக்காலியில் உட்கார்ந்து, கிண்ணத்துச் சோற்றைக் குழைத்தான். பயத்தில் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"வருதாப்பா?"

அப்பா ஜன்னலைப் பார்த்தார். வெறும் கட்டி கம்பியில் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு அவர் பார்வை ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்த பீரோக் கண்ணாடிக்குப் போனது. அதில் வாசலில் நிற்கும் மகள் தெரிந்தாள். புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். அப்பா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏறிட்டானுங்க," என்றார்.

"யாருப்பா?"

"தொப்பிக்காரன். பின்னாடியே குண்டச்சி. எல்லார்கிட்டயும் டிக்கெட் இருக்கு. நீ ஊட்டு."

தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. "வந்துடுச்சா?" என்று கிண்ணத்தோடு எழுந்து திரும்பப் போனான். மூத்தவள் எப்படி அறையைக் கடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. சரக்கென்று திரையை இழுத்துவிட்டாள்.

"வெயில் அப்பா கண்ணுல அடிக்குது," என்றாள். "நான் பார்த்துட்டேன். வந்திருக்கு. நீ உட்கார்ந்து ஊட்டு."

அப்பா வாயைத் திறந்தார். ஒரு வாய், இன்னொரு வாய். பசியோடு சாப்பிடுகிற மாதிரி இல்லை. மருந்து குடிக்கிற மாதிரி கண்ணை மூடி விழுங்கினார். ஆயுசில் ஒருத்தரையும் டிக்கெட் இல்லாமல் விடாத மனுஷன். அவள் வாசலுக்குப் பின்வாங்கினாள். அங்கே அழுதால் எல்லாம் கெட்டுவிடும் என்று அடுப்படிக்குப் போய் அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு சலவைக்கடைக்காரிக்குப் போன் போட்டாள்.

மணி அடித்துக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் குரல் கேட்டது.

"டேய், நாளைக்கு நூல்ல கட்டு."

"ஏம்ப்பா, அதான் கம்பிக்கே வந்துச்சே."

"சொன்னதைச் செய்."

மறுமுனையில் சலவைக்கடைக்காரி எடுத்துவிட்டாள். "என்னடி முடிவு பண்ணின?"

"வரேன்," என்றாள் மூத்தவள். "அந்த ரூம்ல ஜன்னல் இருக்கா? அப்பா கேட்டார்."